மொசைக் தரையில் ஒரு கறை

இது மூன்றாவது. அடுக்களை வாசலுக்கு இந்தப்புறம், வெள்ளை மொசைக்கில், புளியங்கொட்டை அகலத்துக்கு ஒரு கறை. குத்தாலிங்கம் அதைப் பார்த்தவுடன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழைய பழக்கம். சர்க்கார் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில், வண்டியில் ஏறியதும் யாரை மடக்கப்போகிறாரோ அந்த ஆளை மட்டும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். மற்ற எல்லாரிடமும் டிக்கெட்டை வாங்கி வாங்கிப் பார்த்து, அந்த ஆளுக்கு உள்ளங்கை வேர்க்கும்வரை விட்டுவைப்பார். வேலையை விட்டு வந்து வருஷக்கணக்காகிறது. மனுஷர்தான் ரிட்டயர் ஆனார், சந்தேகம் ஆகவில்லை. பால்காரன் தண்ணீர் ஊற்றுகிறான், பேப்பர் போடுகிறவன் ஞாயிற்றுக்கிழமை இணைப்பை உருவிக்கொள்கிறான், மாடி வீட்டுக்காரன் ஊரடங்கின பிறகு மோட்டார் போடுகிறான் என்று விடிந்ததிலிருந்து யாரையாவது மடக்கிக்கொண்டே இருந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். ஆனால் இந்தக் கறை அந்த ரகம் இல்லை. முதல் கறை நேற்றுச் சாயங்காலம் சாமி அலமாரிக்குக் கீழே கிடந்தது. குங்குமம் என்று நினைத்து, அலமாரியைப் பிடித்துக்கொண்டு முக்கி முனகிக் குனிந்து விரலால் தொட்டார். பிசுபிசுத்தது. குங்குமம் எங்கேயாவது பிசுபிசுக்குமா? இரண்டாவது, இன்று விடிந்ததும் குளியலறைக்குப் போகிற வழியில், ஓரம் காய்ந்து நடுவில் ஈரமாக. இப்போது இது. ரத்தம் என்று சொல்ல ஒரு டாக்டர் வரவேண்டியதில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். தனக்கு எங்கேயும் அடிபடவில்லை, எங்கேயும் வலியில்லை. அப்படியென்றால் கோமதி. கல்யாணமான நாளிலிருந்து தனக்கு எதிரே உட்கார்ந்து காபி ஆற்றிக்கொடுக்கிற கோமதிக்கு எங்கேயோ ரத்தம் போகிறது, அதை அவள் தன்னிடம் மறைக்கிறாள். நினைப்பு இந்த இடத்துக்கு வந்ததும் குத்தாலிங்கத்துக்கு நெஞ்சு காலியாகிவிட்டது.

மறைப்பாள், நன்றாக மறைப்பாள், அது அவள் ரத்தத்திலேயே ஊறினது. அவள் அம்மா என்ன செய்தாள்? அம்பாசமுத்திரத்தில் அத்தனை பெரிய வீட்டில், அத்தனை பேர் நடமாட்டத்துக்கு நடுவில், மாசக்கணக்காக உதிரப்போக்கு இருந்ததை ஒரு ஈ காக்கைக்குத் தெரியவிடவில்லை. பழைய சேலைகளைக் கிழித்துக் கிழித்து, விடியுமுன் தானே துவைத்து, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காயப்போட்டிருக்கிறாள். கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்தத் துணிகள் காய்ந்ததைக் குத்தாலிங்கமே ஒரு தடவை பார்த்திருக்கிறார், தலைதீபாவளியோ என்னவோ, ஆனால் மாமியாரை என்னவென்று கேட்பது, மருமகன் கேட்கிற கேள்வியா அது? சாவு வீட்டில் எல்லாரும் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது கோமதி ஒரு வார்த்தை சொன்னாள். அம்மா செய்தது சரிதான், சொல்லியிருந்தால் எல்லாரையும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையவிட்டிருக்கவேண்டும், அவள் ராணி மாதிரி போய்ச்சேர்ந்தாள் என்றாள். அந்த வார்த்தையைக் குத்தாலிங்கம் அன்றைக்கே எடுத்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். இவள் ஒருநாள் இதைச் செய்வாள் என்று அப்போதே அவருக்குத் தோன்றியது. அப்புறம் போன வெள்ளிக்கிழமை. கோபாலசாமி கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவள் மத்தியானம் திரும்பினாள். கையில் துளசி இல்லை, நெற்றியில் புதுக் குங்குமம் இல்லை, பக்கத்தில் வந்து செம்பை எடுத்தபோது சேலையிலிருந்து ஆஸ்பத்திரி வாசனை அடித்தது, ஸ்பிரிட்டும் பினாயிலும் கலந்த அந்த வாசனை. கூட்டமா என்று மட்டும் கேட்டார். நல்ல கூட்டம் என்றாள். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம், சொல்லும்போதே குரல் ஒரு படி இறங்கிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே கோயம்புத்தூரில் இருக்கிற மகள் ஆவுடையோடு போனில் குசுகுசுப்பு. அவர் கதவுக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டார், வெட்கப்படவில்லை, கேட்பதற்குத்தானே காது. அப்பாகிட்ட மூச்சு விட்டிராத, பயந்திருவாங்க என்று கோமதி சொன்னாள். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. பஸ்ஸில் என்றால் இறங்கு என்று சொல்லிவிடலாம். இவளை என்ன சொல்வது? இறங்காதே என்றல்லவா சொல்லவேண்டும்.

பேச்சி வேலைக்கு வந்துவிடுவாள் என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பேச்சி கண்ணில் இது பட்டால் குடியிருப்பு முழுக்கப் படும். அடுக்களையில் குக்கர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, கோமதி முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவுகிறாள். அந்த முதுகை ஒரு நிமிஷம் பார்த்தார். மெலிந்திருக்கிறதா? ரவிக்கை தோளில் தொளதொளக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் அது பழைய ரவிக்கையாகவும் இருக்கலாம். சத்தம் காட்டாமல் பின்பக்கம் போய்க் கரித்துணியை நனைத்து எடுத்துவந்தார். நடக்கும்போது மறுபடியும் அந்தச் சத்தம். டக். ஒரு எட்டு விட்டு ஒரு எட்டுக்கு, டக், டக் என்று. நேற்று ராத்திரி பாத்ரூமுக்குப் போனபோதும் கேட்டது. நின்றால் நிற்கிறது, நடந்தால் நடக்கிறது. மாடி வீட்டுக்காரன் வேலை, சந்தேகமே இல்லை. அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டி கழுவப்போகிறோம், ரெண்டு நாள் தண்ணீர் வராது என்று அவன் படிக்கட்டுப் பலகையில் குத்திவைத்திருந்த அறிவிப்பைக் குத்தாலிங்கம்தான் முந்தாநாள் பிய்த்து எறிந்தார். யாரைக் கேட்டுக் கழுவுகிறாய்? பிய்த்த வேகத்தில் போர்டு பின்னெல்லாம் படிக்கட்டில் சிதறின. அந்தக் கடுப்பில் மேலே இருந்துகொண்டு, கீழே இவர் நடக்கிற நடைக்குத் தகுந்தமாதிரி தரையைத் தட்டுகிறான், வெறுப்பேற்றுகிறான். எப்படி அவனுக்கு இவர் நடப்பது தெரியும்? அதுதான் புரியவில்லை. தெரியவைக்க ஏதாவது வைத்திருப்பான், இந்தக் காலத்தில் எதுதான் இல்லை. துணியைக் கறைமேல் போட்டார். குனிய வயிறு இடம் கொடுக்காது, முட்டி கேட்கவே வேண்டாம். அதனால் எல்லாரும் செய்கிற மாதிரி இடது காலைத் துணிமேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். தேய்த்துவிட்டுத் துணியைப் பெருவிரலில் கவ்வி எடுக்கப் பார்த்தார், கவ்வினோமா இல்லையா என்று புரியவில்லை, கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. சரி போகட்டும் என்று சுவரைப் பிடித்துக் குனிந்து கையால் எடுத்தார். துணியில் இத்தனை சிவப்பா? ஒரு புளியங்கொட்டைக் கறைக்கு ஒரு உள்ளங்கைச் சிவப்பு எப்படி வரும்? விஷயம் இப்போது தெளிவாகிவிட்டது. இதே துணியால் அவள் முன்னாடியே எதையோ துடைத்திருக்கிறாள். பெரிசாக எதையோ. தான் பார்த்த மூன்றும் அவள் துடைக்கத் தவறினவை.

துணியைப் பின்பக்கக் குழாயில் அலசினார். தண்ணீர் சிவந்து ஓடியது, பிறகு வெளுத்தது, பிறகு சுத்தமாகிவிட்டது, ஆனாலும் குழாயை மூட மனசு வரவில்லை. எந்த டாக்டரிடம் போயிருப்பாள்? பாளையங்கோட்டையில் அவளுக்குத் தெரிந்த ஒரே டாக்டர் அந்த நரம்பு டாக்டர்தான், இவரைக் கூட்டிக்கொண்டு போனாளே, அந்த ஆள். அங்கே போய் இதைச் சொல்லியிருப்பாளா? பொம்பளை விஷயத்துக்கு நரம்பு டாக்டர் என்ன செய்வார்? அந்த ஆளை நினைத்தாலே குத்தாலிங்கத்துக்கு எரிச்சல். சின்ன வயசு, பேசும்போது சிரிப்பு, சிரித்துக்கொண்டே வெட்டுகிற ரகம். சர்க்கரை ரொம்ப வருஷமாக இருக்கிறது, பாதத்து நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போகும், வலி தெரியாமல் போவதுதான் ஆபத்து என்று பாடம் எடுத்தார். வலி தெரியாமல் போவது ஆபத்தா? ஊர்உலகமே வலி தெரியக்கூடாது என்றுதான் மாத்திரை முழுங்குகிறது. இவருடைய டெப்போவில் டிரைவர் ஆறுமுகநயினார் என்று ஒருவர், கட்டைவிரலில் கொப்புளம் என்று நொண்டாமல் கொள்ளாமல் நடந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். இன்னும் இருக்கிறார், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு. அவர் மட்டும் அந்தக் கொப்புளத்தைக் காட்டாமல் இருந்திருந்தால்? குத்தாலிங்கத்தின் கணக்கு அதுதான். காட்டினால்தானே எடுப்பான். அதனால் அந்த டாக்டர் இவரைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் குத்திக் குத்தி, தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றபோது இவர் உஷாராகிவிட்டார். கண்ணை மூடினபிறகு ஒன்றுமே தெரியவில்லை. ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று இடுக்கு வழியாகப் பார்த்தால், அந்த ஆள் மும்முரமாகக் குத்திக்கொண்டிருக்கிறார். அட! அந்தக் கணம் கொஞ்சம் குளிர்ந்துதான் போனார். ஆனால் எத்தனை பேரைப் பார்த்தவர் இவர், எத்தனை முழியை, எத்தனை தூங்குகிற நடிப்பை! டாக்டர் குத்தக் குனியும்போதெல்லாம் அந்தச் சுழல் நாற்காலி கிறீச்சென்றது. கிறீச்சுக்கு ஒரு ம் போட்டார். குத்திவிட்டு நிமிரும் கிறீச்சுக்குப் போடவில்லை, அது வேறு சுருதி. பரவாயில்லையே, நன்றாகத் தெரிகிறதே என்று டாக்டர் சொன்னபோது, ஆயுசில் முதல் தடவையாக டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்து இறங்கின சந்தோஷம் குத்தாலிங்கத்துக்கு. கோமதி மட்டும் ஆட்டோவில் வரும்போது இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் மெத்துமெத்தென்று ஒரு ஜோடி செருப்பு வாங்கிவந்து, வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொள்ளச் சொன்னாள். வீட்டுக்குள் செருப்பா, அதுவும் சாமி இருக்கிற வீட்டில்? அந்த டாக்டருக்கும் செருப்புக்கடைக்காரனுக்கும் ஏதோ இருக்கிறது என்று இவர் சொல்லிவிட்டார். செருப்பு அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கடியில் கிடக்கிறது. ஆனால் இதெல்லாம் தன் கதை, இதை எதற்கு இப்போது நினைத்துக்கொண்டு? ரத்தம் போகிறது அவளுக்கு. குழாயை மூடினார். வலது காலோ இடது காலோ தண்ணீரில் நின்றுகொண்டிருந்திருக்கிறது, அது சில்லென்று இருந்ததா என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை.

சொட்டு மருந்து போட நேரமாச்சு என்று உள்ளேயிருந்து கோமதி குரல் கொடுத்தாள். கண்புரை எடுத்ததிலிருந்து தினம் இது ஒரு சடங்கு. சாய்வு நாற்காலியில் சாய்ந்து, காலை முக்காலிமேல் நீட்டிக்கொள்ளவேண்டும்; அவள் தலைமாட்டில் நின்று மருந்தை விடுவாள்; அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு கிடக்கவேண்டும். அந்த நேரத்தில் அவள் அவர் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். டக், டக் என்று நடந்துபோய் உட்கார்ந்தார். அவள் முகம் தலைகீழாக அவர் முகத்துக்கு மேலே வந்தது. வெளுத்திருக்கிறதா? உதட்டைப் பார்க்கவேண்டும், ரத்தம் குறைந்தால் உதட்டில்தான் முதலில் தெரியும் என்பார்கள். பார்ப்பதற்குள் மருந்து விழுந்து எல்லாம் கலங்கிப்போயிற்று. கண்ணைத் தொறந்திராதிய என்று சொல்லிவிட்டு அவள் முன்பக்கம் வந்து உட்காருகிற சத்தம், காய் வைத்த சுளகு தரையில் உராய்கிற சத்தம், அவரைக்காய் நுனியை ஒடிக்கிற சத்தம். இருட்டில் குத்தாலிங்கம் யோசித்தார். இப்போது கேட்டால் அவள் முகம் தெரியாது. அவர் முகமும் அவளுக்குப் பாதிதான் தெரியும், மருந்து என்று நினைத்துக்கொள்வாள், கண்ணில் தண்ணீர் வந்தாலும். கேட்காவிட்டால்? கேட்காவிட்டால் மாமியாரைப்போல ஒருநாள் ராணி மாதிரிப் போய்விடுவாள், அப்புறம் இந்த நாற்காலியில் மல்லாந்து கிடந்து யாரை மருந்து விடச் சொல்வது? பத்து ஊர் ஜனத்தை அதட்டின குரலைத் தணித்துக்கொண்டார்.

"கோமதி," என்றார். "உங்க அம்மா மறைச்ச மாதிரி நீ எங்கிட்ட மறைக்காத."

அவரைக்காய் ஒடிகிற சத்தம் நின்றது. நின்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆள் மாட்டிக்கொண்டாள். இனிமேல் நிறுத்தக்கூடாது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். சாமி அலமாரிக்குக் கீழே பார்த்ததைச் சொன்னார், பேச்சி பார்க்காமல் தானே துடைத்ததைச் சொன்னார், கோயிலுக்குப் போகாமல் எங்கே போனாள் என்பது தெரியும் என்றார், போனில் ஆவுடையிடம் சொன்னதும் தெரியும், கோபமில்லை, ஒரு துளி கோபம்கூட இல்லை. எதுவாக இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், மதுரைக்குப் போகலாம், மெட்ராஸுக்கு வேண்டுமானாலும் போகலாம். சோறு வடிக்கத் தனக்குத் தெரியும், தெரியாவிட்டால் கற்றுக்கொள்கிறேன், நீ எழுந்திருக்கவே வேண்டாம், படுத்துக்கொண்டு சொன்னால் போதும். நீ இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று சொல்ல வந்தார். அந்த வாக்கியம் பாதியில் உடைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படியெல்லாம் பேசி அவருக்கே பழக்கமில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். மின்விசிறி சுற்றுகிறது, கீழே யாரோ ஸ்கூட்டரை உதைக்கிறார்கள், அவள் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை, வளையல்கூட அசையவில்லை. எழுந்து போய்விட்டாளா? பேச்சிலிருந்து தப்பிக்க, சத்தம் காட்டாமல், அடுக்களைக்கு, அல்லது அதற்கும் அப்பால்? போயிருப்பாள். அவள் அம்மாவின் மகள்தானே. கண்ணைத் திறக்கக்கூடாது என்று இருக்கிற நேரம் பார்த்துக் கேட்டது தன் மடத்தனம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ரொம்ப மெல்ல, யாரோ மூக்கை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது.

"ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேன்."

"எங்க போயிட்ட? பக்கத்துல வா."

"எங்கயும் போகல," என்றாள் கோமதி. குரல் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. "உங்க காலைத்தான் பிடிச்சிக்கிட்டு இருக்கேன். நீங்க பேச ஆரம்பிச்சதுலேருந்து பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்."

குத்தாலிங்கம் கண்ணைத் திறந்தார். மருந்துக் கலங்கலில் முதலில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை, பிறகு தெரிந்தது. இடது கால் முக்காலியில் இல்லை. அது அவள் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் அதைச் சுற்றிப் பிடித்திருந்தாள், முந்தானையைப் பாதத்தில் வைத்து அழுத்தியிருந்தாள், முந்தானை நனைந்து சிவந்திருந்தது. பக்கத்தில் சுளகில், ஒடித்துப்போட்ட அவரை நாருக்கு நடுவில், பித்தளைத் தலையோடு ஒரு போர்டு பின் கிடந்தது. அவள் அதைப் பிடுங்கியிருக்கிறாள். எப்போது பிடுங்கினாள்? தான் மதுரை என்று சொன்னபோதா, சோறு வடிக்கிறேன் என்றபோதா? அந்தக் காலை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கட்டைவிரல் அழுத்துகிற இடத்தில் சதை குழிந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் முதலில் அவர் வாயில் வந்தது வேறு.

"அப்போ உனக்கு ஒண்ணுமில்லையே?"

கோமதி இல்லை என்று தலையை ஆட்டினாள். போன சித்திரையில், மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்ட மத்தியானம், சூடு தாங்காமல் எல்லாரும் துள்ளித் துள்ளி ஓடின தரையில் அவர் சிவனே என்று நின்று காக்காய் விரட்டினாரே, அன்றிலிருந்தே அவளுக்குச் சந்தேகமாம். அந்த நரம்பு டாக்டரிடம் அவர் ம் போட்டதெல்லாம் நிஜமில்லை என்று சொல்லத்தான் போன வெள்ளிக்கிழமை அவள் தனியாகப் போய்வந்தாளாம். சொல்லச் சொல்ல அவள் அழுதாள், திட்டவும் திட்டினாள், கையை மட்டும் எடுக்கவில்லை. குத்தாலிங்கத்துக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ரத்தம் அவளுடையது இல்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு வாய் காபி கேட்கலாமா என்றுகூட நினைத்தார். அப்போது அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அந்தக் காலையும் காட்டுங்க."

வலது கால் முக்காலியின்மேல் வேட்டிக்குள் கிடந்தது. அதில் வலியில்லை, எரிச்சலில்லை, ஒன்றுமேயில்லை. குத்தாலிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடியும் கேட்டாள். அவர் காலை நகர்த்தவில்லை.